பதினாறு வந்தால் எடுத்தே ஆக வேண்டும்

சூதாடினால் சிறை என்று சட்டம் உள்ள நாட்டில், சம்பளம் கொடுத்து எனக்குச் சூதாட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. துபாய்ப் பக்கம் காசினோ எல்லாம் உண்டா என்று வாயைப் பிளக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் கிடையாது. இருந்திருந்தால் அதற்கென்று படித்த ஆட்களை வைத்திருப்பார்கள், என் தலை தப்பியிருக்கும்.

நான் வேலை பார்த்தது ஷார்ஜாவில், முவைலா பக்கம் ஒரு கிடங்கில். கல்யாணம், கம்பெனி விருந்து, கண்காட்சி என்று எது நடந்தாலும் கூடாரம், மேடை, விளக்கு, நாற்காலி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி. நான் ஸ்டோர் கீப்பர். வெளியே போன சாமான் எல்லாம் திரும்பி வந்ததா என்று பார்ப்பது என் டூட்டி. எல்லாம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதனால் எப்போது பார்த்தாலும் சிடுசிடு என்று இருப்பவன் என்று நாங்கள் தங்கியிருந்த கேம்பில் எனக்குப் பெயர். பெயரில் தப்பில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய கம்பெனி தன் ஆட்களுக்கு ‘காசினோ நைட்’ என்று ஒரு விருந்து வைத்தது. நிஜக் காசு கிடையாது. வாசலில் ஆளுக்கு ஒரு பை பிளாஸ்டிக் வில்லை இனாமாகக் கொடுப்பார்கள். அதை வைத்து விளையாட வேண்டும். விருந்து முடியும்போது யாரிடம் வில்லை அதிகமோ அவருக்கு ஒரு பெரிய டிவி. மேசை போடுவது எங்கள் வேலை. மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. விருந்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் மேடம் லெபனான்காரி. எதற்கும் அசராதவர். கிடங்குக்குள் வந்து, எங்கள் கார்ப்பெண்டர் பாயையும் என்னையும் இரண்டு நேபாளி எலெக்ட்ரீஷியன்களையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பாயை ஏன் எடுத்தார் என்றால், ஒரு வெள்ளிக்கிழமை கேம்புக்கு வந்தபோது அவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சீட்டு தெரிந்தவனுக்கு எல்லாச் சீட்டும் தெரியும் என்பது அவர் கணக்கு. என்னை ஏன் எடுத்தார் என்றால், எனக்குக் கூட்டல் வரும்.

“மேடம், நான் லீவுல போறேன். அடுத்த புதன்கிழமை” என்றேன்.

“வியாழக்கிழமை விருந்து நல்லா முடியட்டும். புதன்கிழமை பாஸ்போர்ட், டிக்கெட், எல்லாம் உன் கையில. கலாஸ், அவ்வளவுதான்” என்றார்.

அந்த லீவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பரமக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் தள்ளிப் போட்டார்கள். பிள்ளைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நான் ஊரை விட்டு வரும்போது அது தங்கையின் வயிற்றில் இருந்தது. நடுவில் ஒரு லீவு வரவேண்டியது, கம்பெனி மாறியதில் போய்விட்டது. பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது தடவை நாள் குறித்துவிட்டுத் தங்கை போனில் சொன்னாள்:

“இந்தத் தடவையும் நீ வரலேன்னா பெரியப்பா மகன உக்கார வெச்சிருவோம்ணே. எங்க வீட்டு ஆளுகளுக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

பெரியப்பா மகனுக்கும் எனக்கும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம். அவன் மடியில் என் மருமகள் உட்கார்வதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. ஷார்ஜாவில் ஒரு நகைக்கடையில் குட்டியாக ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு வாங்கி வைத்திருந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறக்கிறபோதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன்.

ஆகவே, சரி என்று கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

சொல்லிக் கொடுக்க வந்தவள் ஒரு பிலிப்பினோ பெண். சுற்றுலாக் கப்பலில் ஐந்து வருடம் இந்த மேசைகளில் நின்றவளாம். டூட்டி முடிந்து மாலையில் கிடங்கிலேயே வகுப்பு. ஒரு மடக்கு மேசையில் பச்சைத் துணி விரித்து, அது காற்றில் பறக்காமல் இருக்க என் ஸ்டோர் கிளிப்புகளை மாட்டினாள். நேபாளிகள் இருவரையும் சக்கரத்துக்கு அனுப்பிவிட்டாள். அது சுலபம். முப்பத்தாறு எண்களும் ஒரு பூஜ்யமும் உள்ள சக்கரம் சுற்றும், குண்டு ஓடும். குண்டு வேகம் குறைகிறபோது இனி யாரும் வில்லை வைக்கக்கூடாது என்று கையை வீச வேண்டும். விழுந்த எண்ணில் வைத்திருந்தவனுக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து, சிவப்பு கறுப்பு என்று வைத்திருந்தவனுக்கு ஒன்றுக்கு ஒன்று. நேபாளிகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கும் பாய்க்கும் பிளாக்ஜாக். அதுவும் சொன்னால் சின்ன விஷயம்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, எது வசதியோ அது. மற்றதெல்லாம் சீட்டில் உள்ள எண். கூட்டினால் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும், தாண்டினால் போச்சு. விளையாடுகிறவன் மேசையைத் தட்டினால் இன்னொரு சீட்டு, கையை வீசினால் போதும். கடைசியில் மேசைக்காரன் தன் சீட்டைத் திறக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் தொடங்கியது. விளையாட வந்தவன் தன் இஷ்டப்படி எடுக்கலாம், நிறுத்தலாம். மேசைக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது. பதினாறு வரைக்கும் எடுத்தே ஆக வேண்டும், பதினேழில் நிறுத்தியே ஆக வேண்டும். “எதிரே உக்காந்திருக்கிறவன்கிட்ட பதினைஞ்சுதான் இருக்கு, எங்கிட்ட பதினாறு இருக்கு, நான் எதுக்கு எடுக்கணும்?” என்று கேட்டேன். “அதுதான் விதி” என்றாள். “எடுத்தா தோத்துருவேனே?” என்றேன். “தோல்வி உன்னுடையது இல்லை. நீ யோசிக்கிறவன் இல்லை, நீ சீட்டுப் போடுகிறவன்” என்றாள். விசா கொடுக்கிற முதலாளி, கபீல், சொல்கிற மாதிரியே இருந்தது.

நானாவது கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாய் கேட்கவே இல்லை. அவர் கீழக்கரைக்காரர். சின்ன வயதிலிருந்து முன்னூற்று நாலு என்கிற ஆட்டத்தில் ஊறியவர். அந்த ஆட்டத்தில் ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. ஏழுக்கும் எட்டுக்கும் மதிப்பே கிடையாது. அது அவர் ரத்தத்தில் கலந்திருந்தது. ஜாக்கியும் ஒன்பதும் வந்தால் முகம் மலர்ந்து “அம்பது!” என்பார். பத்தொன்பது என்று நான் சொன்னால், நான் ஏதோ களவாடுகிற மாதிரி பார்ப்பார். எட்டும் ஏழும் ஒன்பதும் வந்தபோது, “இருபது, நிப்பாட்டு” என்றார். இருபத்துநாலு பாய், தாண்டிப் போச்சு பாய் என்று நான் கத்தினேன்.

“எட்டுக்கும் ஏழுக்கும் எவன் தம்பி மதிப்புக் குடுத்தான்?” என்றார் நிஜமான வருத்தத்தோடு.

அது போதாதென்று சீட்டை வலப்பக்கத்திலிருந்து போட்டார். முன்னூற்று நாலில் அப்படித்தான் போடுவார்களாம். இங்கே இடப்பக்கத்திலிருந்து போட வேண்டும்.

அடுத்தது கை. மேசையின் இடப்பாதியில் இருப்பவர்களுக்கு இடது கையால்தான் கொடுக்க வேண்டும், வலப்பாதிக்கு வலது கை. குறுக்கே கையை நீட்டினால் சீட்டு மறையும், சந்தேகம் வரும் என்பது அவர்கள் சட்டம். இதில் நானும் திண்டாடினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். விருந்துக்கு வந்தவனுக்கு இடது கையால் ஒரு பொருளைக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பது? கை நீளவே மாட்டேன் என்றது. அந்தப் பெண் என் வலது கையைப் பாக்கெட்டுக்குள் போடச் சொல்லி அரைமணி நேரம் பழக்கினாள். பழகிவிட்டேன். பாய் பழகவில்லை. இடது கை நீளும்போதெல்லாம் அவருடைய வலது கை ஓடிவந்து முழங்கையைத் தொட்டது. தொட்ட வேகத்தில் சீட்டெல்லாம் கீழே கொட்டியது.

தினமும் வகுப்பு முடிந்ததும் ஐந்து ஆட்டம் விளையாடிப் பார்ப்போம். கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவன் காதில் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்ததில் ஜெயிக்கிற வரை கழற்றக்கூடாது. பாய் இரண்டு காதிலும் கிளிப்போடுதான் தினமும் ரூமுக்குப் போனார். அதுவும் என் ஸ்டோர் கிளிப். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

இதற்கிடையில் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கேட்பார்: “தம்பி, காசு இல்லைல்ல? காசு வெச்சா ஹராமு. நான் தொட மாட்டேன்.”

“காசே இல்ல பாய். பிளாஸ்டிக்கு. ஒரு மதிப்பும் கிடையாது.”

“ஒரு மதிப்பும் கெடையாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்தப் பதிலை அவர் எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

ஓட்டல் தோட்டத்தில் விருந்து. எங்களுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையும் மாட்டிவிட்டார்கள். நான் சட்டப்படி சீட்டுப் போட்டேன். இடப்பாதிக்கு இடது கை, வலப்பாதிக்கு வலது கை. தோற்றவன் வில்லையை வாரினேன், ஜெயித்தவனுக்குக் கொடுத்தேன். பதினாறு வந்தபோது எடுத்தேன், பதினேழில் நின்றேன். அரைமணி நேரத்தில் என் மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரரும் ஒரு காலி நாற்காலியும் மட்டும்தான் இருந்தார்கள்.

பக்கத்தில் பாயின் மேசையில் ஒரே கூட்டம், சிரிப்பு, கைதட்டல். எட்டிப் பார்த்தேன். பாய் உடம்பையே மேசைமேல் சாய்த்து, இடது கையால் முழங்கையைத் தொட்டபடி, வலது கையால் ஒவ்வொருவருக்கும் வில்லை வழங்கிக்கொண்டிருந்தார். ஜெயித்தவனுக்குக் கொடுத்தார். தோற்றவனிடமிருந்து வாங்கி, அவன் முகம் வாடுவதைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார். கூட இன்னும் இரண்டு வைத்தார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் நின்ற மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தமிழில் கூப்பிட்டார்:

“தம்பி, இங்க வில்லை தீந்துபோச்சு. இன்னும் ஒரு பெட்டி அனுப்புங்க!”

நான் ஓடிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “எதுக்கு பாய் திருப்பிக் குடுக்குறீங்க?”

“மதிப்பே இல்லாததுன்னு நீங்கதானே சொன்னீக. அதப் போயி விருந்தாளிக கையிலேருந்து எதுக்குப் புடுங்கணும்?”

என் மேசையில் சும்மா கிடந்த பெட்டியைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வினை அதற்குப் பிறகு வந்தது. விருந்து வைத்த கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் பாயின் மேசையில் இருந்தார். அவருக்கு எட்டு, ஏழு, ஒன்பது. பாய் சத்தமாக “ட்வென்டி!” என்று அறிவித்து ஒரு அடுக்கு வில்லையை அவர் பக்கம் தள்ளினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து, அது இருபத்துநாலு, இவர் தோற்றுவிட்டார் என்றார். டிவிக்குப் போட்டியில் இருந்தவர்களே அந்த இரண்டு பேரும்தான். டீலர் சொன்னதுதான் செல்லும் என்று ஒரு கட்சி, கண் தெரியவில்லையா என்று ஒரு கட்சி. குரல்கள் உயர்ந்தன. தூரத்தில் மேடம் முகம் வெளுத்து நின்றார்.

நான் என் மேசையிலேயே நின்றிருக்கலாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் விருந்து கலைந்தால் என் லீவும் கலைந்துவிடும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. போய் நின்று, அந்த மூன்று சீட்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு ஆங்கிலத்தில் எண்ணினேன். “எட்டு. பதினைந்து. இருபத்துநாலு. தாண்டிவிட்டது சார். டீலர் என்ன சொன்னாலும் சீட்டு சொன்னதுதான் கணக்கு” என்றேன். சொல்லிவிட்டு, இடப்பக்கத்தில் இருந்த வில்லையை இடது கையால் வாரிக்கொண்டேன்.

அந்தப் பெரிய அதிகாரியே வாய்விட்டுச் சிரித்து, என் முதுகில் தட்டினார். விருந்து பிழைத்தது. டிவி மற்றவருக்குப் போனது. புதன்கிழமை விமானத்தில் ஜன்னல் ஓரமா நடுவா என்றெல்லாம் நான் அங்கேயே நின்று யோசித்தேன்.

சனிக்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். சிரித்த முகம். அந்த அதிகாரிக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அவருக்குத் தெரிந்த இன்னும் மூன்று கம்பெனிகள் அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் இதே விருந்து கேட்கிறார்களாம். “அந்த ஸ்ட்ரிக்ட் ஆள் கட்டாயம் வேணும்னு சொல்லிட்டாங்க” என்றார்.

“மேடம், புதன்கிழமை என் லீவு.”

“ஒரு மாசம் கழிச்சுப் போ ஹபீபி. விதி தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

“சொன்னீங்களே மேடம். விருந்து நல்லா முடிஞ்சா லீவுன்னு சொன்னீங்களே.”

“நல்லா முடிஞ்சதாலதான் கேக்குறேன்” என்றார். என் பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதன்கிழமைக்கு இன்னும் பெயர் போடாத ஒரு டிக்கெட் தயாராக இருக்கிறதே என்று, அடுத்த மாதம் லீவில் போக வேண்டிய பாயை முன்னால் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். மேசைப் பக்கம் அவர் இனி வரவே கூடாதாம். எட்டையும் ஏழையும் ஒழுங்காகக் கூட்டத் தெரிந்த குற்றத்துக்கு நான் கிடங்கில். கூட்டத் தெரியாதவர் விமானத்தில்.

ரூமுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். பாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்களும் கொஞ்சம் தப்பாப் போட்டிருக்கலாம்ல தம்பி?”

அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் அதைவிட மோசம். என்ன செய்வது, தோட்டை அவர் கையில் கொடுத்தேன். கீழக்கரையிலிருந்து பரமக்குடி ஒன்றும் தூரமில்லை, காதுகுத்துக்கு முதல் நாளே கொண்டுபோய்த் தங்கை கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். முதல் நாளே, முதல் நாளே என்று நான் நாலு தடவை சொன்னேன். தேதியை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

காதுகுத்து அன்று காலையில் போன் கார்டு போட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

“நல்லபடியா முடிஞ்சதுண்ணே. தோடு அம்சமா இருக்கு. உன் ஆளு இன்னைக்குக் காலைலதான் கோயிலுக்கே வந்து சேந்தாரு.”

இன்றைக்குக் காலையில்! அந்த ஆத்திரத்தில் மற்றதைக் கேட்கவே இல்லை. பிள்ளையை யார் மடியில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்க எனக்கு வாயும் வரவில்லை. பெரியப்பா மகன்தான், வேறு யார். கார்டு தீர்ந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். கார்டு தீரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு நான் போன் செய்யவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமைகளில் மூன்று விருந்து. மூன்றிலும் பதினாறு வந்தால் எடுத்தேன், பதினேழில் நின்றேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து என்று மேடம் சொன்ன லீவும் வந்தது. எதற்கு இப்போது போவது என்று நானே வேண்டாம் என்றுவிட்டேன். பெரியப்பா மகன் தெருவில் எதிரே வந்து சிரிப்பான், அதை வேறு பார்க்க வேண்டுமா?

இரண்டு மாதம் கழித்துப் பாய் திரும்பி வந்தார். நான் கிடங்கில் லாரியிலிருந்து இறங்கும் நாற்காலிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. “முதல் நாள்னு நாலு தடவ சொன்னேனே பாய்” என்றேன்.

“பஸ்ஸு கெட்டுப்போச்சு தம்பி” என்று ஒரு கவரை நீட்டினார்.

ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோ. கோயில் வாசல், ஜமுக்காளம், தாம்பாளத்தில் பழம் வெற்றிலை. ஆசாரி ஊசியோடு குனிந்திருக்கிறார். பெரியப்பா மகன் புது வேட்டியில் ஓரமாக விறைத்துப்போய் நிற்கிறான். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது பாய். அவர் மடியில் பட்டுப்பாவாடையில் ஒரு குட்டிப் பெண். ஊசியையே பார்க்காமல், வாயைத் திறந்தபடி தலையை அண்ணாந்து அவர் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு காதில் நீல கிளிப், ஒரு காதில் சிவப்பு கிளிப்.

“என்ன பாய் இது?”

“புள்ள யாரு மடியிலயும் உக்கார மாட்டேன்னு ஒரே அழுகை. உங்க பெரியப்பா மவனை ஒதைச்சுருச்சு. நான் தோட்டைக் குடுத்துட்டுப் பொறப்படலாம்னு பையத் தொறந்தா கிளிப்பு கெடந்துச்சு. சும்மா மாட்டிக் காமிச்சேன். அழுகைய நிப்பாட்டிட்டு வந்து உக்காந்துருச்சு. அது உங்க எடம்னு எனக்குத் தெரியும் தம்பி. எந்திரிக்கத்தான் பாத்தேன். உங்க தங்கச்சிதான், ‘அசையாதீக அண்ணே, இந்த மட்டுக்கும் மாமன் நீங்கதான்’னுச்சு.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. பெரியப்பா மகன் உதை வாங்கியது இனித்தது. இரண்டு மாதம் வீணாகப் புழுங்கியிருக்கிறேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. வந்த லீவையும் வேண்டாம் என்று சொன்ன என்னை எதைக் கொண்டு அடிப்பது? எல்லாம் ஒன்றாக வந்ததில் வாயில் வந்தது ஒன்றுதான்.

“அந்தக் கிளிப்பு ரெண்டும் ஸ்டோர் சாமான் பாய். ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன். எங்க?”

பாய் தலையைச் சொறிந்தார்.

“அத புள்ள கழட்டி வெச்சுக்கிருச்சு. கேட்டேன், தரல. எங்க சொந்த மாமா இன்னும் வரல, வந்தா அவுக காதுல மாட்டணும்னுச்சு.”

அதற்குமேல் அவரைத் திட்ட முடியவில்லை. இரண்டு கிளிப் குறைவு என்று எழுதிவைத்துவிட்டு, லீவுக்கு எழுதிக் கொடுக்க ஆபீஸுக்குப் போனேன்.